நிர்மலா சிபியுவுக்கு வைத்த பொட்டு

கருவடிக்குப்பத்தில் சுடுகாட்டுக்குப் போகிற சாலையில் பேனர் கடை வைத்தால் எந்த வேலை அதிகம் வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் மாதம் பார்த்து வரும். கண்ணீர் அஞ்சலி மாதம் பார்ப்பதில்லை. 'கலைவாணன் டிஜிட்டல்' கடையில் உட்கார்ந்து நிர்மலா செய்து கொடுத்ததில் பாதிக்கு மேல் அதுதான். பழைய குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கூட்டத்தில் நிற்கிற ஆளைத் தோளோடு வெட்டி எடுத்து, சட்டைக்கு வெள்ளை ஏற்றி, பின்னால் மேகம் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கை நிறுத்திவிடுவாள். கொண்டுவந்தவர்கள் திரையைப் பார்த்து அழுவார்கள், அவள் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பாள். அது கல்நெஞ்சு இல்லை, தொழில்.

தன் புருஷன் கலைவாணன் செத்தபோதும் அவள் அதையேதான் செய்தாள். அதைத்தான் சொந்தக்காரர்களால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

கலைவாணன் நல்ல மனுஷன், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆர்டர் பிடிப்பான், ஏணியில் ஏறி ஃப்ளெக்ஸ் கட்டுவான், போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பான். கம்ப்யூட்டரை மட்டும் ஒழுங்காக அணைக்கத் தெரியாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவான். மெஷினில் உட்கார்ந்தது என்றைக்கும் நிர்மலாதான். திருக்கனூர்ப் பக்கத்தில் கரும்பு போட்ட வீட்டுப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன்பே தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து டி.டி.பி. கற்றுக்கொண்டவள். கடைக்குப் பெயர் வைக்கும்போது, "உன் பேரை வெச்சிடட்டுமா?" என்று அவன் கேட்டான். "பேர்ல இன்னா இருக்கு, உன் பேரே இருக்கட்டும்" என்று அவள்தான் சொன்னாள். பேரில் என்ன இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காதுகுத்து வீட்டுக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டு வந்து, தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, பேனர் மட்டும் இல்லை. வேறு கடையில் அடிக்கலாமென்றால் அவன் படமெல்லாம் கடையிலிருக்கும் சிபியுவுக்குள் இருக்கிறது. திரையும் கீபோர்டும் போக மிச்சமிருக்கும் அந்தத் தகரப் பெட்டியைத்தான் நம் ஊரில் சிபியு என்கிறோம். அதன் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். நிர்மலா தலைமாட்டிலிருந்து எழுந்தாள். கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, புருஷன் முகத்தை ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தாள். அவனுக்குப் பிடித்த நீலச் சட்டையை மாற்றாமல் அப்படியே விட்டாள். ஃபைலை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். யாரோ ஒருவன் அவசரத்தில் அவன் காதைப் பாதியாக வெட்டிவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு.

"புருஷன் கெடக்குறான், இவ போயி கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டா" என்று ஓரகத்தி அஞ்சலாட்சி அன்றைக்குச் சொன்னதுதான் இன்னும் அந்தக் குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அஞ்சலாட்சியின் புருஷன், அதாவது கலைவாணனின் அண்ணன், புருஷோத்தமன். அரும்பார்த்தபுரத்தில் டைல்ஸ் குடோனில் சூப்பர்வைசர். குரல் எப்போதும் ஒரே சீராக இருக்கும், எதைப் பிடுங்கினாலும் உதவி செய்கிற மாதிரியே பிடுங்குவார். துக்க வருஷம் முடிகிறவரை கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவர், போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்தார். "பூஜையை விட்டுடக் கூடாதும்மா, தம்பி கடை. நான் வந்து பண்ணிடறேன்" என்றார். நிர்மலா சரி என்றாள். அப்புறம் வாட்ஸ்அப்பில் அவர் படம் வந்தது. ஆயுத பூஜை வாழ்த்து ஃப்ளெக்ஸில் அதைப் பெரிதாகப் போட வேண்டுமாம். கீழே 'இவண்: புருஷோத்தமன், உரிமையாளர்' என்று வர வேண்டுமாம். அந்த ஃப்ளெக்ஸைச் செய்ததும் நிர்மலாதான். அவர் கழுத்தை வெட்டும்போது கை கொஞ்சம் அழுத்தமாகத்தான் போனது.

பூஜையன்று காலையில் மெஷின்களை எல்லாம் துடைத்து, சிபியுவை மேசைமேல் தூக்கி வைத்து, சந்தனக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினாள். அஞ்சலாட்சி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாதம்மா. மெஷினுக்கு ஆவாது."

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. உப்பு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நிர்மலா நெற்றியில் சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று வைத்துக்கொள்வதை அவர்கள் கண்டும் காணாமலும் விட்டிருந்தார்கள். பூஜைக் குங்குமம் வேறு விஷயமாம். அவள் படி இறங்கிச் சாலையோரம் நின்று, தான் தினமும் தொடுகிற மெஷினுக்கு வேறொருத்தி பொட்டு வைப்பதைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. பிறகு, நான் எதற்கு வெட்கப்படுகிறேன் என்று கோபம் வந்தது.

அஞ்சலாட்சி வைத்ததைச் சும்மாவும் வைக்கவில்லை. தண்ணீராகக் கரைத்த சந்தனத்தைக் காற்றுப் போகிற ஓட்டைகள்மேலேயே அப்பி, குங்குமத்தைக் கொட்டி, கதம்ப மாலையைப் பின்பக்கம் ஃபேன்மேல் தொங்கவிட்டாள். மறுநாள் விஜயதசமிக்கு மெஷினைப் போட்டதும் மாலையின் நார் ஃபேனில் சுற்றிக்கொண்டது. ஃபேன் நின்றது, மெஷினும் நின்றது. எதிரே தீபாவளி வேலை. நிர்மலா பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குங்குமத்தைத் தட்டித் தட்டி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னபோது புருஷோத்தமன், "சாமி காரியம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

இந்த வருஷம் பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வந்துவிட்டார். அவர் மகன் கோபிநாத் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம். பூஜை முடிந்ததும் அவனைக் கடையில் உட்கார வைக்கப் போகிறாராம்.

"நீ எங்கியும் போவ வேணாம்மா. வேலை சொல்லிக் குடு. வீட்லயிருந்தே டிசைன் பண்ணு. கடைன்னு இருந்தா ஒரு ஆம்பள வேணும்ல?"

"கடை ஓடிகினுதானே இருக்கு மாமா."

"ஓடுது. இல்லன்னு சொல்லல. மதாம்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மதாம் என்றால் கட்டடத்துக்காரர் இருதயமேரி. அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், இங்கே சொல்தா என்பார்கள். அந்தப் பென்ஷனில் வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைப் பத்திரத்தை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் புதுப்பிப்பார். அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பூஜையன்று கடை கடையாக வருவார். கடைக்காரர் முதல் பொரிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். யார் கொடுக்கிறார்களோ அவர்கள் பேருக்குப் பத்திரம். கூட்டாளிகளுக்குள் தகராறு, அண்ணன் தம்பிச் சண்டை எதையும் அவர் காதில் வாங்கமாட்டார். "பொரி குடுத்தவன் எவனோ அவன்தான் எனக்குக் கடக்காரன்" என்பார். துக்க வருஷத்தில் கடையில் பூஜை இல்லை, போன வருஷம் பூஜை சமயத்தில் மதாம் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தார். அதனால் கலைவாணன் பேரில் இருந்த பழைய பத்திரமே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஊரில்தான் இருக்கிறார்.

ஆக விஷயம் இவ்வளவுதான். பூஜை யார் பண்ணுகிறார்களோ அவர்கள் பொரி கொடுப்பார்கள், பொரி கொடுப்பவருக்குக் கடை. பொட்டு வைக்கக் கூடாத கை எப்படிப் பூஜை பண்ணும்? புருஷோத்தமன் கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை. நிர்மலா அன்று மத்தியானம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே சிபியு இருந்தது. போன வருஷத்துச் சந்தனம் ஓட்டைகளில் இன்னும் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சாயந்திரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மஞ்சள் சாமந்தி மாலை ஒன்றும், சந்தனக் கட்டையும், தாழம்பூ குங்குமமும் வாங்கி வந்தாள். மறுநாள் காலை, நல்ல வெளிச்சம் வந்ததும், வீட்டு வாசலில் ஒரு வெள்ளை டைல்ஸைக் கழுவி வைத்தாள். அது புருஷோத்தமன் குடோனில் உடைசலாகக் கொடுத்தது என்பது கூடுதல் சந்தோஷம். சந்தனத்தைக் கெட்டியாக அரைத்து, மோதிர விரலால் எடுத்து, டைல்ஸ்மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். அதை நேர் மேலிருந்து படம் எடுத்தாள். மாலையைப் பாயில் பரப்பி அதையும் எடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது சந்தனத்தில் அவள் விரல் ரேகை கோடு கோடாகத் தெரிந்தது. அழகு பார்த்து அதை வழித்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிபியுவின் ஆறு பக்கத்தையும் டேப் வைத்து அளந்து, இரண்டு நாள் உட்கார்ந்து திரையில் வரைந்தாள். அடியில் மரூன் நிறம், மேலே விளிம்பைச் சுற்றிச் சாமந்தி மாலை, முன்பக்கம் மூன்று சின்னப் பொட்டு. பக்கத்துத் தகட்டின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பெரிய பொட்டு.

நெல்லித்தோப்பில் பிரிண்டிங் மெஷின் வைத்திருக்கும் கிளாட்வினிடம்தான் அவள் ஃப்ளெக்ஸ் எல்லாம் அடிப்பாள். ஃபைலைத் திறந்ததும் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, புல்லட்டுக்கா?"

"சிபியுவுக்கு. ஸ்டிக்கர் வினைல்ல அடி."

"பசங்க புலி, மண்டையோடுன்னு அடிச்சி ஒட்டிக்கிறானுங்க. நீ பொட்டு ஒட்டறியா?"

"ஏன், ஒட்டாதா?"

"அதெல்லாம் ஒட்டும்" என்றான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் அம்மாவும் அப்பா இல்லாமல் அவனை வளர்த்தவள்தான். சாம்பிள் ஒன்று அடித்துக் கொடுத்தான். குங்குமம் செங்கல் நிறத்தில் வந்தது. நிர்மலா ஒப்புக்கொள்ளவில்லை. மஞ்சளையும் மெஜந்தாவையும் ஏற்றி ஏற்றி, குங்குமம் குங்குமமாக வருகிறவரை நின்றாள். வினைலில் ஓரமாக வெற்றிடம் கிடந்தது. அதை வீணாக்குவானேன் என்று அங்கேயும் வரிசையாகச் சின்னப் பொட்டுகளை நிரப்பினாள். உடனே லேமினேஷன் போட்டுக் கொடு என்று நின்றவளை, "இங்க் காயணும்க்கா. இப்பப் போட்டா உரிஞ்சி வந்துடும். நாளைக்கி வா" என்று அனுப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். சிபியுவின் திருகுகளைக் கழற்றித் தகடுகளைத் தனியாக எடுத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் வினைல் பிடிக்காது. அஞ்சலாட்சியின் சந்தனம் முதலில் போனது. அதற்கு அடியில் இன்னொரு மஞ்சள் கறை, பழையது, கெட்டியாக இருந்தது. அது கலைவாணன் வைத்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் வைப்பான், வைத்துவிட்டு விரலை அவள் கன்னத்தில் துடைப்பான். நிர்மலா துணியைக் கீழே வைத்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோச்சிக்காத" என்று சொல்லிவிட்டு அதையும் துடைத்தாள்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, வினைலின் பின்காகிதத்தை உரித்து, தகட்டின்மேல் மிதக்கவிட்டு இடம் பார்த்து நகர்த்தினாள். பிளாஸ்டிக் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரையும் குமிழையும் தள்ளினாள். மூலைகளில் ஹேர் டிரையரைக் காட்டி இழுத்து மடித்து, பிளேடால் நறுக்கினாள். திரும்பத் திருகுகளைப் போட்டு நிமிர்த்தி வைத்தபோது, பூஜை முடித்து எடுத்து வைத்த பெட்டியாகவே இருந்தது. யாரும் வந்து பொட்டு வைக்க அதில் இடம் பாக்கி இல்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் வேலைக்கு நடுவில் திரை கறுத்தது. திரும்பப் போட்டாள், கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நின்றது. மெஷினுக்கு ஆவாது என்று அஞ்சலாட்சி சொன்னது காதில் கேட்டது. இத்தனை ஆண்டு கம்ப்யூட்டரோடு குடித்தனம் பண்ணினவள், ஐந்து நிமிஷம் அதை நம்பியும் விட்டாள். என் கை பட்டதால்தானோ என்று கையைப் பார்த்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் பிறகு அவளுக்கு அவள்மேலேயே அத்தனை ஆத்திரம் வந்தது.

துண்டை எடுத்துவிட்டுத் தகட்டில் கை வைத்தாள். தோசைக்கல்லாகச் சுட்டது. பக்கத்துத் தகட்டின் நடுவில்தான் காற்றுப் போகிற ஓட்டைகள் வட்டமாக இருந்தன. வடிவத்தைப் பார்த்தவள் ஓட்டையை மறந்துவிட்டாள். அழகான பெரிய பொட்டு கச்சிதமாக அவற்றை அடைத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் அஞ்சலாட்சி செய்த அதே வேலையை இந்த வருஷம் இவள் இன்னும் சுத்தமாகச் செய்திருக்கிறாள். சாமியும் இல்லை, சாபமும் இல்லை, காற்றோட்டம்.

"பொட்டை வெட்டி எடுத்துடுக்கா, சரியாயிடும்" என்றான் கிளாட்வின் போனில்.

"எல்லாத்தையும் எடுப்பேன், அத்த மட்டும் எடுக்க மாட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒன்வே விஷன்ல அடிச்சிடலாம்" என்றான். பஸ் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டுவார்களே, வெளியே படமாகவும் உள்ளேயிருந்து பார்த்தால் சாலையாகவும் தெரியுமே, அந்த வினைல். உடம்பெல்லாம் பொடி ஓட்டை. பெரிய பொட்டை மட்டும் அதில் அடித்து, லேமினேஷன் இல்லாமல் எடுத்து வந்தாள். பழையதை வட்டமாக நறுக்கி உரித்து, அந்த இடத்தில் புதியதை ஒட்டினாள். மெஷினைப் போட்டுவிட்டுப் பொட்டுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினாள். பெட்டிக்குள் காற்று இழுபடுவது கையில் தெரிந்தது. அன்று முழுக்க ஓடவிட்டாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

புருஷோத்தமனின் படம் வாட்ஸ்அப்பில் வந்து கிடந்தது. 'போன வருஷம் மாதிரியே போடும்மா.' அவள் பதில் போடவில்லை.

ஆயுத பூஜையன்று காலை புருஷோத்தமன் வெள்ளை வேட்டியில் வந்தார். பின்னால் அஞ்சலாட்சி தட்டில் சந்தனம், குங்குமம், கதம்பத்தோடு வந்தாள். கோபிநாத் பொரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிர்மலா சிபியுவைத் தூக்கி மேசைமேல் வைத்துத் துண்டை எடுத்தாள்.

அஞ்சலாட்சி தட்டோடு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"யாரு பொட்டு வெச்சது?"

"நான்தான்க்கா."

"நான் அவ்ளோ சொல்லியும்..." என்று தட்டைக் கீழே வைத்தாள். தண்ணீர்ச் செம்பில் துணியை நனைத்து, முன்பக்கத்துப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். பொட்டு போகவில்லை. மறுபடி துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள். முந்தானையை எடுத்துத் தேய்த்தாள். மாலையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. எதிர்க் கடை டெய்லர் சிரித்தே விட்டார்.

"அழிய மாட்டேங்குது" என்றாள் அஞ்சலாட்சி புருஷனைப் பார்த்து.

"அழியாதுக்கா" என்றாள் நிர்மலா. "லேமினேஷன் போட்ருக்கேன்."

அஞ்சலாட்சி விடவில்லை. விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அந்தப் பொட்டின்மேலேயே வைத்தாள். வழவழப்பில் அது நிற்காமல் ஒழுகி மேசையில் சொட்டியது. நிர்மலா ஒரு காகிதத்தால் அதைத் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்து, தானே கொளுத்தி, தானே காட்டினாள். மூன்று சுற்றுச் சுற்றி முடித்தாள்.

புருஷோத்தமன் குரலை உயர்த்தவில்லை. "சின்னப்புள்ளத்தனம் பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டு மூட்டையிலிருந்து ஒரு பொரிப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் இருதயமேரி படியேறினார். ரோஸ் நிறப் பட்டுப்புடவை, காதில் கல் தோடு, கையில் குடை.

புருஷோத்தமன் பொட்டலத்தை நீட்டினார். நிர்மலாவும் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இன்னா இது, ரெண்டு பேரும் நீட்றீங்க? எனக்குச் செபமாலைக்கு நேரமாச்சு. கடை யாருது?"

"தம்பி கடை மதாம், இனிமே என் மவன் பாத்துப்பான்" என்றார் புருஷோத்தமன்.

"என் கடை மதாம்" என்றாள் நிர்மலா.

இருதயமேரி இருவரையும் பார்த்துவிட்டு, சிபியுவைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பெரிய பொட்டை விரலால் தொட்டு, விரலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ரேகை தெரியுது. யாரு விரலு?"

"என் விரலு."

இங்கேதான் புருஷோத்தமன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அத்தனை நாள் அளந்து அளந்து பேசின மனுஷன், அன்றைக்கு அவசரப்பட்டார். "அதான் மதாம் பிரச்னையே. தாலி அறுத்தவ கை. அது பட்டா எடம் வெளங்குமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்திருக்க வேண்டும். பட்டுப்புடவையும் தோடும் அவரை ஏமாற்றிவிட்டன. இருதயமேரி குடையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு செத்தப்ப இங்க வெறும் முள்ளுக்காடு. இந்த பில்டிங்குக்குக் கல்லு வெச்சது என் கை. வெளங்கலையா?"

புருஷோத்தமன் நீட்டிய கை அப்படியே இருந்தது. இருதயமேரி நிர்மலாவின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி, பிரித்து, ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார்.

"வெல்லம் கம்மி" என்றார். "நாளன்னிக்கு வா, பத்திரம் எழுதிக்கலாம். போர்டுல பேரை மாத்து. மெர்சி."

பிரெஞ்சில் நன்றியும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். புருஷோத்தமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அஞ்சலாட்சி தட்டை எடுத்துக்கொண்டு, சந்தனக் கறை பட்ட முந்தானையைப் பார்த்துக்கொண்டே போனாள். கோபிநாத் மட்டும், "ஒட்டனது செம்மையா இருக்கு சித்தி" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். திருஷ்டிப் பூசணிக்காயை நிர்மலாவே நடுச்சாலைக்குத் தூக்கிப் போய்ப் போட்டு உடைத்தாள். ஒரே போடில் உடைந்தது.

மறுநாள் விஜயதசமி. கடையைத் திறந்து மெஷினைப் போட்டு, முதல் வேலையாகப் புதுப் போர்டுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கையில் புருஷனுடைய ஆதார் கார்டு. கருமாதிக்குப் பேனர் வேண்டுமென்றாள். நிர்மலா அந்தச் சின்னப் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்குகிறவரை, அவள் சிபியுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வெச்ச பொட்டு இது?"

"நான் வெச்சது."

அந்தப் பெண்ணின் பார்வை நிர்மலாவின் வெறும் கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

"அழியாதா?"

"அழியாது."

"கருமாதி முடிஞ்சிக் கடைக்குப் போனா, எடை மெஷினுக்கு நாத்தனாதான் பொட்டு வெப்பாளாம். நான் தொடக் கூடாதாம்" என்றாள். "எனக்கும் அதுமாரி ஒன்னு அடிச்சிக் குடேன்."

நிர்மலா மேசையறையைத் திறந்து, வினைல் ஓரத்தில் மிச்சமாக அடித்து வைத்திருந்த சின்னப் பொட்டு ஒன்றை எடுத்தாள். பின்காகிதத்தைப் பாதி உரித்தவள், நிறுத்திவிட்டுத் திரும்ப ஒட்டி உள்ளே போட்டாள். அலமாரியிலிருந்து வெள்ளை டைல்ஸையும், நேற்று மீந்த சந்தனக் கிண்ணத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

"அது என் விரலு. உன் மெஷினுக்கு உன் விரல்தான் வேணும். வை."

அந்தப் பெண் சாலையை ஒரு தடவை பார்த்தாள். யாரும் வரவில்லை. மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, டைல்ஸ்மேல் பட்டும் படாமலும் வைத்தாள்.

"நல்லா அழுத்தி வை" என்றாள் நிர்மலா. "ரேகை விழணும்."